இறக்கத்தில் நியூட்ரல்

என் அக்காவுக்கு உட்காரத் தெரியாது. சின்ன வயதிலேயே தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றித்தான் உட்காருவாள், யாராவது கூப்பிட்டால் சட்டென்று எழ வசதியாக. அவள் வேலை பார்த்த பார்சல் குடோனில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

அங்கே அவள் வேலை பார்சல் பிரிப்பது. லாரி பின்பக்கமாக வந்து மேடையோடு ஒட்டி நிற்கும். லோடுமேன்கள் பெட்டிகளையும் மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வருவார்கள். அக்கா மேடையின் நடுவில் நின்று, மேலே ஒட்டியிருக்கும் சீட்டை ஒரு பார்வை பார்த்து, அது போக வேண்டிய ஊருக்கான கட்டத்தின் எண்ணைச் சொல்வாள். "ஏழு. மூணு. இது கண்ணாடி, மெதுவா வை. ரெண்டுன்னு சொன்னேன், காதுல என்ன பஞ்சா?" நின்று என்று எழுதிவிட்டேன். அவள் நின்று யாரும் பார்த்ததில்லை. ஏழாம் கட்டத்துக்கு ஓடி ஒரு பெட்டியைத் திருப்பி வைப்பாள், அடுத்த மூட்டை வருவதற்குள் திரும்பி வந்திருப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் முதுகுத்தண்டில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, காலில் இருந்த பலமும் கூடவே போனது. எதையாவது பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், நடக்க முடியாது. கைக்கும் வாய்க்கும் ஒரு குறையும் வரவில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்கா படுத்ததும் ஏறக்குறைய ஒரே சமயம். இத்தனை காலம் வீட்டில் தங்காத மனுஷன், அதற்கெல்லாம் சேர்த்து அவளைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். கட்டிலிலிருந்து தூக்குவார், ஜன்னலோரத்தில் உட்கார வைப்பார், வெயில் பட்டால் நாற்காலியை நகர்த்துவார், காற்று வந்தால் ஜன்னலைச் சாத்துவார். தள்ளிக்கொண்டு போகும் சக்கர நாற்காலியில் மாலையில் தெருவைச் சுற்றிக் காட்டுவார். "எங்க போறோம்னு எனக்கும் தெரியாது, நாற்காலிக்கும் தெரியாது. டிரைவருக்குத்தான் தெரியும்" என்று அக்கா சொல்வாள். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு சிரிப்பார்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. எங்கள் குடும்பத்தில் வாய் எல்லோருக்கும் உண்டு, கோபம் மட்டும் எனக்குக் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. மாலையில் கீழே இறங்கி வந்தால் அக்கா ஜன்னல் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருப்பாள். டக் டக் டக். தெருவில் லாரி போனால் எட்டிப் பார்க்காமலே, "லோடு", "காலி" என்று சொல்வாள். எனக்கு அந்தத் தட்டும் சத்தம் தாங்காது. "நிறுத்துடி" என்று கத்துவேன். நிறுத்துவாள். மடியில் தட்ட ஆரம்பிப்பாள்.

அப்படி ஒரு வருஷம் போன பிறகு குடோன் மேனேஜர் போன் செய்தார். அக்கா இடத்தில் நின்றவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம். "பம்பரம்மா, உங்க கண்ணும் வாயும்தான் எனக்கு வேணும், கால் வேண்டாம். ஆனா மேடைக்கு நீங்களே ஏறி வரணும், நீங்களே இறங்கிப் போகணும். யாரும் தூக்கிட்டு வர்றதெல்லாம் சரிப்படாது. அடுத்த திங்கட்கிழமை வந்து காட்டுங்க. முடியலன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், தப்பா நினைக்காதீங்க" என்றார்.

மேடை என்பது லாரியின் பின்தளம் அளவுக்கு உயரம். ஒரு பக்கம் படிகள். இன்னொரு பக்கம் தள்ளுவண்டி ஏறுவதற்காக இரும்புத் தகடு போட்ட சரிவு. அந்தச் சரிவில் தானாக ஏறி இறங்கினால் வேலை, இல்லாவிட்டால் ஜன்னல். நடக்க முடியாதவர்களுக்கு வண்டி கொடுக்கும் உபகரண மையத்துக்கு அக்கா எங்களை அன்றைக்கே விரட்டினாள்.

மையம் ஒரு நீளமான கூடம். தரையில் மஞ்சள் பட்டை ஒட்டி வளைவுகள் போட்டிருந்தார்கள். ஓரத்தில் பலகையால் செய்த ஒரு சாய்தளம், நடைபாதை விளிம்பு மாதிரி ஒன்று, எங்கும் போகாத ஒரு கதவு. பயிற்சி கொடுத்த பெண் காதில் பென்சில் செருகியிருந்தார். அதிகம் சிரிக்கவில்லை. எனக்கு அதனாலேயே அவரைப் பிடித்துப்போனது.

முதலில் மூன்று சக்கர ஸ்கூட்டர். முன்னால் கூடையெல்லாம் வைத்து ஜம்மென்று இருந்தது. அக்கா ஏறி உட்கார்ந்தாள், அவர் சொல்லி முடிப்பதற்குள் கிளம்பினாள், போன வேகத்திலேயே திரும்பினாள். உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியது. பயிற்சியாளர் முதுகுச் சாய்மானத்தைப் பிடித்து அமுக்கினார். "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். வளையும்போது குறைச்சா லேட்டு" என்றார். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஒரு வருஷத்துக்குப் பிறகு வேகமாகப் போன சந்தோஷத்தில். மாமாவுக்குத்தான் வியர்த்தது.

அடுத்தது நான்கு சக்கரம். சாயவில்லை, ஆனால் நீளம் அதிகம். கூடத்தின் கடைசியில் திருப்புவதற்கு முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டியிருந்தது. குடோன் கட்டங்களுக்கு நடுவில் அதைத் திருப்புவதற்குள் லாரி லோடு இறக்கிவிட்டுப் போயேவிடும். அதோடு ஹேண்டில்பாரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். "அப்புறம் பெட்டியை எதால திருப்புறது, மூக்காலயா?" என்று அக்கா இறங்கிவிட்டாள்.

மூன்றாவதாக மோட்டார் நாற்காலி. கைப்பிடியின் நுனியில் ஒரு ஜாய்ஸ்டிக், அவ்வளவுதான். ஒரு விரலால் தள்ளினால் போதும். நின்ற இடத்திலேயே சுற்றும். அக்கா ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று சுற்றினாள். "தலை சுத்தலையா?" என்று பயிற்சியாளர் கேட்டார். "யாருக்கு, எனக்கா?" என்றாள் அக்கா. நான் கொஞ்சம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுததை மாமா பார்த்தால் அவரும் ஆரம்பித்துவிடுவார்.

பிறகு சாய்தளம். அக்கா நடந்த காலத்துப் பழக்கத்தில் கோணலாக ஏறப் பார்த்தாள். பயிற்சியாளர் நடுவில் வந்து நின்றார்.

"நேரா. கோணலா போனா எடை ஒரு பக்கமா இறங்கும், நாற்காலி கவுந்துடும். பெல்ட் போடுங்க முதல்ல. ஏறும்போது உடம்பை முன்னாடி குடுங்க. நடுவுல திருப்பக் கூடாது."

"இறங்கும்போது?"

"நல்லா சாய்ஞ்சு உட்காருங்க. இருக்கிறதுலயே குறைஞ்ச வேகம். பயமா இருந்தா ஜாய்ஸ்டிக்ல இருந்து கையை எடுத்துடுங்க. தானா நின்னுடும்."

அக்கா ஏறி இறங்கினாள், மறுபடி ஏறி இறங்கினாள். கடைசியில் பயிற்சியாளர் எங்கள் இருவரையும் நாற்காலிக்குப் பின்னால் கூப்பிட்டார். அடிப்பக்கத்தில் இரண்டு சிவப்பு லிவர்கள் இருந்தன. "வண்டி ரிப்பேர் ஆனா மோட்டாரைக் கழட்டி விட்டுட்டுத் தள்ளிட்டுப் போறதுக்கு இது. சமதரையில மட்டும். சரிவுல தொடவே கூடாது" என்றார். நான் கேட்டேன். மாமா அந்த நேரத்தில் ஒவ்வொரு டயராகக் காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரிக்காரர்கள் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் செய்வது அதுதான். "மலைப்பாதையில கண்டெய்னர் இறக்கினவன்மா நான். இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா?" என்று ஒரு சிரிப்பு வேறு.

நாற்காலியைப் பழகிப் பார்க்க வீட்டுக்குக் கொடுத்தார்கள். கூடவே வாசல் படிக்குப் போட ஒரு மடக்குப் பலகையும் தந்தார்கள். "வீடு, தெரு, கடை வரைக்கும் ஓட்டிப் பழகுங்க. குடோன் ரேம்ப்ல நான் வந்து அளந்து பார்க்காம ஏறாதீங்க. திங்கட்கிழமை காலைல நேரா அங்க வந்துடறேன்" என்று பயிற்சியாளர் இரண்டு தடவை சொன்னார். அக்கா இரண்டு தடவையும் தலையாட்டினாள். அவள் அவ்வளவு பவ்யமாகத் தலையாட்டியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. அக்கா கதவு நிலைகளை எல்லாம் இடித்தாள். சமையலறைக்குப் போனாள், ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்தாள், மறுபடி போனாள். மாமா பின்னாலேயே போனார். பின்பக்கக் கைப்பிடியிலிருந்து அவர் கை இறங்கவே இல்லை. அவள் வலது பக்கம் திருப்ப, இவர் இடது பக்கம் இழுக்க, நாற்காலி போய்ச் சுவரில் முட்டும்.

"கையை எடுங்க."

"நான் சும்மாதான் வச்சிருக்கேன்."

"சும்மா வச்சா ஏன் சுவர்ல முட்டுது?"

"நான் வச்சிருக்கலன்னா இன்னும் பலமா முட்டியிருக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டு நான் மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் அலைந்தேன். வேலைக்குப் போனாலும் மனம் அங்கேயே இருந்தது. ஒரு நோயாளியிடம் வாயைத் திறங்க என்பதற்குப் பதிலாகக் கையை எடுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் பொறுக்கவில்லை. குடோனுக்கு அன்று லாரி வராது, காலியாக இருக்கும். "ஒரே ஒரு தடவை ஏறிப் பார்த்துட்டு வந்துடலாம். நாளைக்கு எல்லார் முன்னாடியும் முதல் தடவையா ஏறினா கை நடுங்கும்" என்றாள். பயிற்சியாளர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். "அந்தப் பொண்ணு தினம் அங்க வேலை பார்த்துச்சா, நான் பார்த்தேனா?" என்றாள். மாமாவுக்கு உள்ளூர ஆசை. தான் கூட இருக்கும்போதே நடந்துவிட வேண்டும் என்று அவருக்கு. கிளம்பினோம்.

காவலுக்கு மீசை இருந்தார். அவர்தான் லோடுமேன்களிலேயே மூத்தவர். மீசை என்று பெயரே தவிர, மீசையை எடுத்துப் பல காலம் ஆகிறது. சரிவின் அடியில் ஒரு காலிப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "வா தங்கச்சி. முன்னெல்லாம் கால்ல சக்கரம் கட்டியிருக்கியான்னு கேட்போம். நிஜமாவே கட்டிட்டு வந்துட்டியே" என்றார். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. பெல்ட் போட்டாள், நேராக நிறுத்தினாள், உடம்பை முன்னால் கொடுத்தாள். நாற்காலி முனகிக்கொண்டே ஏறியது. மாமா பின்னால் வந்தார். மேலே போனதும் அக்கா மேடை முழுக்க ஒரு சுற்று வந்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் எட்டிப் பார்த்தாள். நாலாம் கட்டத்தில் யாரோ தண்ணீர் கொட்டித் துடைக்காமல் விட்டதற்குத் திட்டினாள். பிறகு மேடை நடுவில் நின்று, ஒரு லோடும் வராத மேடையைப் பார்த்து, "ஏழு" என்றாள். குரல் எதிரொலித்தது. "மூணு" என்றாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனை நாளாகிவிட்டது.

இறங்குவதற்குச் சரிவின் தலையில் வந்து நாற்காலியை நேராக்கினாள். நான் கீழே மீசையின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு ஓட்டியவர். டீசல் மிச்சம், இன்ஜினுக்கும் ஓய்வு. கூடாது என்று கம்பெனியில் பலகை எழுதி வைத்தும் கேட்காதவர். தனக்கு லாரியின் சுபாவம் தெரியும் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. ஏறும்போது நாற்காலி முனகியது அவர் மனதை அறுத்திருக்கிறது. இறக்கத்திலும் மோட்டாரை ஏன் போட்டு வதைக்க வேண்டும், நாம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்திருக்கிறார். குனிந்தார். இரண்டு சிவப்பு லிவரையும் தள்ளிவிட்டார்.

அக்கா ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். நாற்காலி நகரவில்லை. ஏதோ விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிந்தது. "என்னங்க இது?" என்றாள். "நீ சும்மா உட்காரு, நான் இறக்கிடறேன்" என்று மாமா ஒரு தள்ளு தள்ளினார்.

நாற்காலியே ஒரு ஆள் கனத்துக்கு மேல். அதோடு அக்காவின் கனம். சரிவில் முன்சக்கரம் இறங்கியதுதான் தாமதம், மொத்தமும் இழுத்துக்கொண்டது. மாமா கைப்பிடியை விடவில்லை. குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து, செருப்பு கிழிய இழுபட்டுக்கொண்டே வந்தார். அக்கா ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுக்கிறாள், முன்னால் தள்ளுகிறாள், ஒன்றும் இல்லை. மாமா வாயிலிருந்து வந்தது, வண்டி உருளும்போது டிரைவர்கள் கிளீனரைப் பார்த்துக் கத்தும் அதே கத்தல்.

"கட்டை போடு."

மீசைக்கு யோசிக்க நேரமில்லை. அவருடைய உடம்பு அந்தக் குரலுக்குப் பழகியது. பெட்டி பக்கத்தில் கிடந்த சக்கரக் கட்டையை எடுத்து, சரிவின் அடியில் பின்சக்கரத்துக்கு முன்னால் தள்ளித் தோளையும் கொடுத்தார். நாற்காலி கட்டையில் முட்டி, ஒரு பக்கமாகத் திரும்பி, ஓரக் கம்பியில் இடித்து நின்றது. பெல்ட் இல்லாவிட்டால் அக்கா தரையில் கிடந்திருப்பாள். முழங்கை தோல் உரிந்தது. மாமாவின் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

லிவர்களைப் பழையபடி வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். வாசலில் அக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "தொடறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?" மாமா முட்டிக்கு மருந்து தேடுவது போல உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். மனுஷனுக்குக் காற்று வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை விடியும்போதே அக்கா தயார். தலை வாரி, பழைய வேலைப் புடவையைக் கட்டி, முழங்கைக் காயத்துக்கு ஒட்டுப் போட்டு முந்தானையால் மறைத்திருந்தாள். நான் விடுப்பு எடுத்திருந்தேன். மாமா இன்னும் படுத்திருந்தார், அதுவே அதிசயம். அப்போது மேனேஜர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"பம்பரம்மா, வீட்டுக்காரர் நேத்து பேசினார். உங்களுக்கு முடியாதுன்னு சொல்லிட்டார். பரவாயில்லம்மா, உடம்புதான் முக்கியம். இன்னிக்கு வேற ஒருத்தரை நிக்க வச்சுப் பார்க்கிறேன்."

அக்கா போனை மடியில் வைத்தாள். அவள் விரல்கள் தட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்த விரல்கள் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

மாமா அறை வாசலில் வந்து நின்றார். "ஆமா, நான்தான் சொன்னேன். என் கையிலேயே நீ செத்திருப்பே. என்னால முடியாது. நாற்காலியை இன்னிக்கே திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தில் எதையாவது எடுத்து எறிந்திருப்பேன். கைக்கு எட்டும் தூரத்தில் தலையணை மட்டும்தான் இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். "பலகையைப் போடு" என்றாள்.

வாசலில் பலகையை விரித்து, மேல் கொக்கிகளை நிலையில் மாட்டி, ஆடுகிறதா என்று காலால் மிதித்துப் பார்த்தேன். அக்கா நேராக இறங்கினாள். தெருவில் திரும்பினாள். நான் என் மாடி வீட்டைப் பூட்டக்கூட இல்லை, பின்னால் ஓடினேன். நடைபாதையின் சரிவை மறித்து எவனோ பைக்கை நிறுத்தியிருந்தான். அக்கா விளிம்பில் குதிக்கப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, அடுத்த சரிவு வரை போய், அங்கே இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின அக்கா என்றால் குதித்திருப்பாள். பெரிய சாலையைக் கடக்கும்போது கை அசைத்து ஒரு பஸ்ஸை நிறுத்தினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மாமா வந்துகொண்டிருந்தார். தூரத்தில், நொண்டிக்கொண்டு, வேறு செருப்பு போட்டுக்கொண்டு.

குடோனில் இரண்டு லாரி நின்றது. சரிவின் அடியில் பயிற்சியாளர் அளவு நாடாவோடு குந்தியிருந்தார். வர வேண்டாம் என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, மாமாவுக்கும்தான். பயிற்சியாளர் அக்காவைப் பார்த்தார். நாற்காலியின் பக்கவாட்டில் இருந்த கீறலைப் பார்த்தார்.

"ஏறிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்" என்றாள் அக்கா. "ஏறினது நான். தப்பு என்னோடது."

"லிவரைத் தள்ளினது நான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாமா வந்து சேர்ந்துவிட்டார். இரைத்தது. "மோட்டாருக்கு ஓய்வு குடுக்கலாம்னு தள்ளிட்டேன். நியூட்ரல் மாதிரின்னு நினைச்சேன்."

பயிற்சியாளர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "லாரியில நியூட்ரல் போட்டாலும் உங்க காலுக்கடியில பிரேக் இருந்துச்சு. இதுல அப்படித் தனியா பிரேக் கிடையாது. மோட்டாரோட சேர்ந்ததுதான் பிரேக். அதைக் கழட்டினா ஒண்ணுமே இல்ல. நீங்க எவ்வளவு பலசாலியா இருந்தாலும் பிடிக்க முடியாது" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். பயிற்சியாளர் மறுபடி குந்தி அளந்து, தகடு ஈரமாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, "இந்த நாற்காலிக்கு இந்தச் சரிவு சரிதான். மழை பெய்ஞ்சா மட்டும் வேண்டாம்" என்றார்.

மேனேஜர் வெளியே வந்தார். லோடுமேன்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு நின்றார்கள். மீசை மட்டும் கட்டையோடு சரிவின் அடியில் போய் நின்றுகொண்டார். அக்கா ஏறினாள். மாமா ஒரு அடி முன்னால் வைத்தார், நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மேலே போய்த் திரும்பி, சரிவின் தலையில் நின்றாள். நாற்காலியை நேராக்கினாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இறங்கத் தொடங்கினாள். பாதி தூரம் வந்ததும் பயிற்சியாளர், "இப்போ கையை எடுங்க" என்றார்.

அக்கா எடுக்கவில்லை. நாற்காலி இறங்கிக்கொண்டே இருந்தது.

"எடுங்கம்மா. ரெண்டு கையும்."

எடுத்தாள். நாற்காலி சரிவின் நடுவில் ஒரு சிறு உதறலோடு நின்றது. நின்றேவிட்டது. அக்கா இரண்டு கைகளையும் மேலே தூக்கி வைத்திருந்தாள். யாரோ துப்பாக்கி காட்டியது போல என்று பிறகு மீசை கிண்டல் செய்தார். மாமா என் தோளைப் பிடித்தார். அவ்வளவு பெரிய மனுஷனின் கனம் முழுக்க என் தோளில் இருந்தது. பிறகு அக்கா மெதுவாகக் கையை இறக்கி, மிச்சச் சரிவையும் இறங்கி, மேனேஜர் முன்னால் வந்து நின்றாள்.

மேனேஜர் மேடையில் இருந்த புதிய ஆளைத் திரும்பிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "சரி. நாளைக்கு முதல் லாரிக்கு வந்துடுங்க. அவனை நான் வேற வேலைல போட்டுக்கிறேன்" என்றார். மாமாவைப் பார்த்து, "மேடைல வேலை பார்க்கிறவங்களைத் தவிர வேற யாரும் நிக்கக் கூடாது சார். பின்னாடி பிடிச்சுட்டு நிக்கிறது எல்லாம் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அக்கா சாலையோரமாக முன்னால் போனாள், மாமா பக்கத்தில் நடந்தார். அவர் கை பழக்கத்தில் கைப்பிடி வரை போய், தொடாமல் திரும்பி வந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. காலையில் சீக்கிரம் எழுப்பிவிடுவாராம். கேட்டுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறதாம், அதன் அடியில் உட்கார்ந்திருப்பாராம். மத்தியானம் சாப்பாடு சுடச் சுடக் கொண்டு வருவாராம்.

"நீங்க வர வேண்டாங்க" என்றாள் அக்கா. "போக வர நானே பார்த்துக்கிறேன். சாப்பாடும் நானே எடுத்துட்டுப் போறேன்."

மாமா நடப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்போ நான் நாள் முழுக்க என்ன பண்றது?"

எனக்கு இந்த மாதிரிக் கேள்விக்கு ஒரு நக்கல் எப்போதும் தயாராக இருக்கும். வாய் வரை வந்தது, வெளியே வரவில்லை. அக்கா நாற்காலியை நிறுத்தித் திருப்பி, அவர் எதிரில் வந்து நின்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

"ஒரு வருஷமா நானும் அதைத்தாங்க கேட்டுட்டு இருந்தேன்."

"என்கிட்ட கேட்கவே இல்லையே."

"கேட்க வாயைத் திறந்தேன். நீங்க தண்ணி கொண்டு வந்து குடுத்துட்டீங்க."